போருக்கு நாள் குறித்த பிறகு வந்த தூதர்

1978 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். தென் அமெரிக்காவின் தென்கோடிக் கடலில் அர்ஜென்டினாவின் போர்க்கப்பல்கள் தாக்குதலுக்குத் தயாராக நின்றன. ‘இறையாண்மை’ என்று பெயர் சூட்டப்பட்ட திட்டம் அது. முதலில் தீவுகளைப் பிடிப்பது, அதன்பின் ஆண்டிஸ் மலையைத் தாண்டித் தரைவழியாகவும் சிலிக்குள் நுழைவது. சிலியும் சும்மா இருக்கவில்லை. எல்லையில் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டு, தன் கடற்படையைத் தெற்கே அனுப்பியிருந்தது. அர்ஜென்டினாவில் விதேலா, சிலியில் பினோசே என இரண்டு நாடுகளிலும் ராணுவ ஆட்சி. இரு நாட்டு மக்களும் பேசுவது ஒரே ஸ்பானிய மொழி. கும்பிடுவது ஒரே கத்தோலிக்கத் தேவாலயத்தில்.

அந்தப் போர் நடக்கவே இல்லை. பேச்சுவார்த்தை என்றாலே ‘காலத்தைக் கடத்தும் வேலை’ என்று அலுத்துக்கொள்கிறோம். இங்கே போரைத் தடுத்ததே அப்படிக் கடத்திய காலம்தான்.

சண்டை பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்ற மூன்று சிறு தீவுகளுக்காக. பீகிள் கால்வாயின் கிழக்கு வாயில் இருக்கும் இவற்றில் குளிரும் காற்றும் கொஞ்சம் ஆடு வளர்ப்பும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1881ஆம் ஆண்டின் எல்லை ஒப்பந்தம், கால்வாய்க்குத் தெற்கே உள்ள தீவுகள் சிலிக்கு என்று சொல்லியிருந்தது. ஆனால், கால்வாய் எந்த வழியாகப் போய்க் கடலில் சேர்கிறது என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. நேராகக் கிழக்கே போகிறது என்றது சிலி. அப்படியென்றால் மூன்று தீவுகளும் தெற்கே விழும். நவரினோ தீவைச் சுற்றித் தெற்கே திரும்புகிறது என்றது அர்ஜென்டினா. அப்படியென்றால் தீவுகள் கிழக்கே விழும், கணக்கு மாறிவிடும்.

இதற்கிடையே 200 கடல் மைல் வரை கடல்வளம் கரையோர நாட்டுக்கே என்ற கருத்து உலகெங்கும் வலுப்பெற்றது. தீவு யாருடையதோ, அதைச் சுற்றியுள்ள மீனும் எண்ணெயும் அவருடையது என்றானது. அண்டார்க்டிகாவில் இரு நாடுகளும் உரிமை கோரிய நிலப்பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடந்தது இன்னொரு கவலை. அட்லாண்டிக் நமக்கு, பசிபிக் அவர்களுக்கு என்று நினைத்துவந்த அர்ஜென்டினாவுக்கு, சிலி கிழக்கே கால் நீட்டுவதாகவே பட்டது. 1958இலேயே அருகிலுள்ள ஸ்னைப் என்ற பாறைத்தீவில் சிலி வைத்த கலங்கரை விளக்கை அர்ஜென்டினா அகற்ற, அர்ஜென்டினா வைத்ததைச் சிலி பிடுங்க, பள்ளிக்கூடச் சண்டைபோல் ஒன்று நடந்திருந்தது. கையில் பீரங்கி இருந்ததுதான் வித்தியாசம்.

நீதிமன்றத்துக்குப் போகாமலும் இல்லை. 1971இல் இரு நாடுகளும் பிரிட்டிஷ் அரசியின் பெயரிலான நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டன. பால்க்லாந்து தீவுகளை வைத்திருக்கும் பிரிட்டனை அர்ஜென்டினா எப்படி நம்பும்? அதனால் வழக்கை விசாரித்தவர்கள் சர்வதேச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள். அரசியால் அவர்கள் முடிவை ஏற்கவோ நிராகரிக்கவோ முடியும், திருத்த முடியாது. 1977 மே மாதம் தீர்ப்பு வந்தது. மூன்று தீவுகளும் சிலிக்கு. 1978 ஜனவரியில், இந்தத் தீர்ப்பு செல்லாது என்று அர்ஜென்டினா அறிவித்துவிட்டது. சட்டப்படி அது சரியல்ல என்றே எனக்குப் படுகிறது. ஆனால், சரியான தீர்ப்பு கையில் இருந்தும் சிலி போரின் வாசலில்தான் நின்றது.

அந்த ஆண்டு முழுக்க நேரடிப் பேச்சு நடந்தது. டிசம்பர் 12 அன்று இரு வெளியுறவு அமைச்சர்களும் போப்பை மத்தியஸ்தராக ஏற்கலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள். அர்ஜென்டினாவின் ராணுவக் குழு கையெழுத்துப் போட விடவில்லை. பத்தே நாளில் கப்பல்கள் நகர்ந்தன. தெற்குக் கடலின் புயல் அவற்றைத் தாமதப்படுத்தியது. அந்த இடைவெளியில், பதவியேற்று இரண்டு மாதமே ஆன போப் இரண்டாம் ஜான் பால், தன் தூதரை அனுப்புவதாகத் தகவல் கொடுத்தார். விதேலாவால் அதைத் தட்ட முடியவில்லை. போப்பின் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிறிஸ்துமஸ் அன்று படை நடத்தினால், சொந்த ஊரில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வந்தவர் கர்தினால் அந்தோனியோ சமொரே. வயது 73. வாடிகனின் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் பொறுப்பாளர்; முன்பு கொலம்பியாவில் போப்பின் தூதராக இருந்து லத்தீன் அமெரிக்காவை அறிந்தவர். டிசம்பர் 26இல் புயனோஸ் அயர்ஸில் இறங்கினார். அங்கிருந்து சாண்டியாகோ, மறுபடி புயனோஸ் அயர்ஸ் என்று மாறி மாறிப் பறந்தார். தீவு யாருக்கு என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. 1979 ஜனவரி 8 அன்று உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் கையெழுத்தான உடன்பாட்டில் தீவுகளைப் பற்றிய முடிவு எதுவும் கிடையாது. இருவரும் போப்பின் மத்தியஸ்தத்தைக் கேட்கிறார்கள், படைபலத்தைப் பயன்படுத்த மாட்டார்கள், 1977ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் படைகள் இருந்த நிலைக்குப் படிப்படியாகத் திரும்புவார்கள். அவ்வளவுதான். தகராறு அப்படியே இருந்தது. துப்பாக்கி மட்டும் கீழே இறங்கியது.

அதன்பின் நடந்தது ஆறு ஆண்டு இழுபறி. வாடிகனில் இரு நாட்டுக் குழுக்களையும் பெரும்பாலும் தனித்தனியாகவே கேட்டார்கள். எதிராளியின் முன்னால் ஒரு அடி விட்டுக்கொடுத்தால் தோல்வி. கர்தினாலின் அறையில் விட்டுக்கொடுத்தால் அது யோசனை. 1980 டிசம்பரில் போப் முன்வைத்த திட்டத்தில் தீவுகள் சிலிக்கு, அவற்றுக்கு அப்பால் இருவரும் பகிர்ந்துகொள்ளும் ‘அமைதிக் கடல்’ என்றிருந்தது. சிலி ஏற்றது, அர்ஜென்டினா ஏற்கவில்லை. 1981இல் எல்லையையே மூடியது. சமொரே 1983 பிப்ரவரியில் காலமானார், முடிவைப் பார்க்காமலே.

முடிவு வந்ததற்குத் தூது மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பாதி உண்மை. 1982இல் அர்ஜென்டினா பால்க்லாந்தில் பிரிட்டனோடு மோதித் தோற்றது. ராணுவ ஆட்சி சரிந்தது. 1983 டிசம்பரில் தேர்தலில் வென்ற ரவுல் அல்போன்சின் பதவியேற்றார். ஒரு போரின் தோல்விதான் இன்னொரு போரின் ஆசையைக் கிள்ளிப் போட்டது. ஆனால், அந்த மாற்றம் வரும்வரை ஒரு மேஜையும் அதைச் சுற்றி ஆட்களும் கலையாமல் இருந்ததால்தான் அல்போன்சினுக்குக் கையெழுத்துப் போட ஒரு தாள் கிடைத்தது.

அவர் அதை மக்களிடம் கொண்டுபோனார். வெளியுறவு அமைச்சர் தாந்தே கபூத்தோவும் எதிர்க்கட்சி செனட்டர் விசென்டே சாடியும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தார்கள். 1984 நவம்பர் 25 அன்று நடந்த கருத்து வாக்கெடுப்பில் சுமார் 82 சதவீதத்தினர் ஆதரித்தனர். நான்கே நாளில் வாடிகனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. செனட்டில்தான் மயிரிழை: 23க்கு 22.

ஒப்பந்தப்படி தீவுகள் யாருக்கு? சிலிக்கே. 1977 தீர்ப்பு சொன்ன அதே விடை. மாறியது தீவைச் சுற்றியிருந்த கடல். தீவு சிலிக்குப் போனாலும் கிழக்கே அட்லாண்டிக்கின் பெரும்பரப்பு அர்ஜென்டினாவிடம் நின்றது. ஹார்ன் முனைக்கும் எஸ்டாடோஸ் தீவின் கிழக்கு முனைக்கும் இடைப்பட்ட பகுதியில், இருவரும் தங்களுக்குள் 3 கடல் மைல் மட்டுமே ஆட்சிக் கடலாகக் கொள்வார்கள். மற்ற நாடுகளிடம் முழு அகலத்தையும் கோரலாம். நிலம் ஒருவருக்கு, கடல் மற்றவருக்கு. தீர்ப்பு ‘யார்’ என்று மட்டும் சொன்னது. மத்தியஸ்தம் ‘எவ்வளவு’ என்று பேரம் பேச இடம் கொடுத்தது. மீசையில் மண் ஒட்டாமல் எழுந்துகொள்ள அர்ஜென்டினாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த சச்சரவுக்கும் அதே ஒப்பந்தத்தில் வழி எழுதினார்கள்: முதலில் பேச்சு, பிறகு சமரசக் குழு, கடைசியில் நடுவர் தீர்ப்பு. 1990களில் சுமார் 5,300 கி.மீ. எல்லையில் மீதியிருந்த இழுபறிகள் அநேகமாக எல்லாம் பேசியே தீர்க்கப்பட்டன. தெற்குப் பனிவயலில் ஒரு துண்டு மட்டும் இன்னும் கோடு போடப்படாமல் இருக்கிறது. சிலி புதைத்த கண்ணிவெடிகளை முழுவதும் அகற்றி முடிக்க 2020 ஆனது. ஐ.நா. அமைதிப் பணிக்காக இரு ராணுவங்களும் சேர்ந்து ‘தெற்குச் சிலுவை’ என்ற கூட்டுப் படையை உருவாக்கியிருக்கின்றன. 2021இல் ஹார்ன் முனைக்குத் தெற்கே உள்ள கடலடிப் பரப்பைத் தன் வரைபடத்தில் சிலி சேர்த்தபோது அர்ஜென்டினா கொதித்தது. எதிர்ப்பறிக்கைகள் பறந்தன. கப்பல் எதுவும் கிளம்பவில்லை.