நிலப் பத்திரமும் வில்லங்கத் தேடலும்

வெண்ணாற்று நீர் கோரையாறு, பாமணியாறு எனக் கிளைத்துச் செல்லும் நீடாமங்கலம் பகுதியில், குடியானவருடைய ஆஸ்தி பெரும்பாலும் நஞ்சை நிலமேயாகும். கூட்டுறவுச் சங்கம் பெருந்தொகையைக் கடனாகக் கொடுக்குங்கால் அந்நிலத்தையே ஈடாகப் பெறுகிறது. ஈடு பழுதாயிருப்பின் நஷ்டம் கடன் வாங்கியவரோடு நிற்பதில்லை. பங்குத்தொகை செலுத்திய அங்கத்தினர் அனைவரையும் சாரும். ஆகையால் பத்திரம் எவ்வாறு பதிவாகிறது, பதிவானதை எவ்வாறு தேடுவது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

பதிவு செய்ய வேண்டுபவை

ரூபாய் 100-ம் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்பதற்குப் பதிவுப் பத்திரம் வேண்டுமென்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் விதித்தது. 1909 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம், நிலத்தைப் பற்றிய கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை முதலிய பத்திரங்களுக்குரிய முறைகளை வகுத்துள்ளது. பத்திரத்தை, நிலம் எந்தச் சார்பதிவாளரின் எல்லைக்குட்பட்டதோ அந்தக் கச்சேரியில், கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்திற்குள் தாக்கல் செய்தல் வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதித்தால், மேலும் 4 மாதம் வரை அபராதத்தின்பேரில் அனுமதி பெறலாம். அவ்வபராதம் பதிவுக் கட்டணத்தைப்போல் 10 மடங்கு வரை ஆகக்கூடும். உயிலுக்கு இக்காலக்கெடு இல்லை.

பதிவு செய்யவேண்டிய பத்திரத்தைப் பதியாமல் பெட்டியில் வைத்திருப்பவர், அதைக்கொண்டு நிலத்தில் பாத்தியதை கொண்டாட இயலாது.

கச்சேரியில் கணக்கு இருக்கும் விதம்

நிலத்தைச் சேர்ந்த பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. உயில்கள் 3-ஆம் புத்தகத்திலும், நிலத்தைச் சாராத மற்றவை 4-ஆம் புத்தகத்திலும் பதிவாகின்றன. 1-ஆம் புத்தகத்திற்கு இருவகை அட்டவணைகள் உண்டு: ஒன்று எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களைக் காட்டுவது, மற்றொன்று கிராமவாரியாகச் சொத்தைக் காட்டுவது. பத்திர எண்ணும் வருஷமும் தெரிந்தவருக்கு நகல் கிடைப்பது எளிது. அவை தெரியாதவர் அட்டவணையைத் தேடச் செய்தல் வேண்டும். 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும், உரிய கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். அண்மைக் காலத்துப் பதிவுகளைப் பதிவுத்துறையின் இணையத்தளத்திலும் தேடலாம்; பழையவற்றிற்குக் கச்சேரியில் மனுச் செய்ய வேண்டும்.

மனுவில் எழுத வேண்டியவை

வில்லங்கச் சான்று, கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தருவது. கேட்ட சர்வே எண்ணில், கேட்ட காலத்தில் பதிவு காணப்படவில்லை என்பதற்குமேல் ‘இல்லை’ என்னும் சான்றுக்குப் பொருள் கிடையாது. ஆகவே கிராமம், பழைய சர்வே எண், புதிய சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கெல்லை ஆகியவற்றைப் பிழையின்றி எழுதுக.

ஊர் ஒன்றாயினும் பத்திரங்களில் காணும் ஜில்லாப் பெயர் மாறியிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. நீடாமங்கலம் 1991 வரை தஞ்சாவூர் ஜில்லாவிலும், பின்னர் நாகப்பட்டினம் ஜில்லாவிலும் இருந்து, 1997 முதல் திருவாரூர் ஜில்லாவைச் சேர்ந்தது. பழைய தாய்ப்பத்திரத்தில் மன்னார்குடி தாலுகா என்று கண்டிருந்தால் வேறு நிலமென்று ஐயுற வேண்டுவதில்லை. ஆனால் அப்பத்திரம் எந்தக் கச்சேரியின் முத்திரை பெற்றது என்பதைப் பார்த்து, அங்கும் தேடுதல் வேண்டும்.

எத்தனை வருஷத்திற்குத் தேடுவது? ஈட்டை மீட்க வழக்கிடுவதற்கு 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் 30 வருஷம் அளித்துள்ளது. ஆதலின் 30 வருஷத்திற்குக் குறையாமல் தேடுவதே விவேகம்.

ஓர் உதாரணம்

ஒருவர் தாம் சம்பாதித்த 1 வேலி நிலத்தை விட்டு, உயில் எழுதாமல் காலமானார் எனக் கொள்வோம். மனைவி, இரு குமாரர், ஒரு குமாரத்தி உளர். பட்டா மூத்த குமாரர் பெயரில் மட்டும் மாறியிருக்கிறது. அவர் கடன் கேட்கிறார்; 30 வருஷத்துச் சான்றிலும் வில்லங்கம் ஒன்றும் இல்லை. ஆயினும் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு. 1 வேலிக்கு 20 மா. அவருடையது 5 மா மட்டுமே. மற்ற மூவரின் விடுதலைப் பத்திரமோ பாகப்பத்திரமோ பதிவாகியிருந்தாலன்றி, முழு வேலியையும் ஈடாக ஏற்ற சங்கம் 15 மாவை இழக்கும். தகப்பனார் வாங்கிய கிரயப் பத்திரத்திலிருந்து இன்றைய உடைமையாளர் வரை ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஆதாரம் கேட்டிருந்தால் இக்குறை முன்னமே வெளிப்பட்டிருக்கும். பட்டா, நிலவரி செலுத்துவோரைக் காட்டும் கணக்கு. அது கிரயப் பத்திரத்திற்கு ஈடாகாது.

சான்றில் காணாதவை

விற்பவருக்கு உரிமை உண்டா எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை 1908-ஆம் வருஷத்துச் சட்டம் பதிவு அதிகாரிக்கு அளிக்கவில்லை என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. எனவே பதிவான பத்திரமென்பதால் மட்டும் உரிமை உறுதியாவதில்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினையும், வாரிசுரிமையால் வந்த பங்கும் சான்றில் வாரா.

நம் ஜில்லாவில் குத்தகைச் சாகுபடி மிகுதி. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட குத்தகை உரிமைப் பதிவேட்டைத் தாலுகா ஆபீஸில் தனியே பார்த்தல் வேண்டும். கோயில் நிலமாயின், 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின்படி உரிய அனுமதியின்றி நடந்த கிரயம் செல்லாது.

சங்கங்கள் செய்யத் தக்கது

கடன் மனுவோடு தாய்ப்பத்திரம், 30 வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று, குத்தகைப் பதிவேட்டின் விவரம் ஆகிய ஐந்தையும் ஒருசேரக் கேட்டுப் பெறுக. அங்கத்தினர்களும் தத்தம் பத்திரங்களின் எண், வருஷம், கச்சேரி ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி, வீட்டிலுள்ளோர்க்கும் தெரிவித்து வைப்பாராக. வெள்ளத்திலோ தீயிலோ மூலப்பத்திரம் அழிந்தாலும், அக்குறிப்பைக் கொண்டு கச்சேரியில் நகல் பெறலாம்.