வெந்நீர் தொடாத காபி

கொதிக்கும் தண்ணீரில் நான்கே நிமிடத்தில் இறங்கிவிடும் காபி, குளிர்ந்த தண்ணீரில் இறங்க ஏன் அரை நாள் எடுத்துக்கொள்கிறது? அப்படி இறங்கியதும் அதன் ருசி ஏன் வேறாகிவிடுகிறது? கோல்டு ப்ரூ காபியைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். டிகாஷனை ஆறவைத்து ஐஸ் போட்டால் அது கோல்டு ப்ரூ ஆகாது. இதில் ஆரம்பம் முதல் கடைசிவரை வெந்நீரே படுவதில்லை.

காபிக் கடைகளில் இதற்குச் சொல்லும் விலை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் செய்துகொள்ளத் தேவைப்படுவது நல்ல காபித்தூள், தண்ணீர், ஃபிரிட்ஜ், ஒரு பிரெஞ்சு பிரஸ். நீளமான கண்ணாடிக் குவளை, மூடியின் நடுவே ஒரு கம்பி, கம்பியின் அடியில் குவளைக்குள் கச்சிதமாக இறங்கும் கம்பிவலை, இவ்வளவுதான் பிரெஞ்சு பிரஸ். பெயரில் பிரான்ஸ் இருந்தாலும், இன்றைய வடிவத்துக்கு நெருக்கமான ஒன்றுக்கு 1929-இல் காப்புரிமை பெற்றவர்கள் இத்தாலியர்களான கலிமானியும் மொனேட்டாவும். அது சூடான காபிக்காகச் செய்யப்பட்ட கருவி. ஆனாலும் தூள் முழுவதும் தண்ணீரில் மூழ்கி ஊற இடமும், ஊறிய பிறகு சக்கையைத் தடுத்து நிறுத்த வலையும் ஒரே பாத்திரத்தில் அமைந்திருப்பதால், கோல்டு ப்ரூவுக்கு இதைவிடச் சௌகரியமான சாமான் வீட்டில் வேறில்லை.

முதல் கேள்விக்கு வருவோம். குளிர்ந்த நீரில் காபியின் சத்து கரையாது என்று பலர் நினைக்கிறார்கள். கஃபீனை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 20 கிராம் கஃபீனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அரபிகா கொட்டையின் எடையில் கஃபீன் ஏறக்குறைய 1.2 சதவீதம். அப்படியானால் 100 கிராம் தூளில் மொத்தமே 1.2 கிராம்தான் இருக்கிறது. தண்ணீரின் கொள்ளளவில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆகவே கஃபீனைப் பொறுத்தவரை தாமதத்துக்குக் காரணம் கரைதிறன் அல்ல. துகளின் உள்ளே இருக்கும் மூலக்கூறு நனைந்த செல்சுவர்களின் வழியாக நகர்ந்து வெளியே வந்து சேர வேண்டும். அந்தப் பயணம்தான் மெதுவாக நடக்கிறது. குளிர்ந்த தண்ணீருக்குப் பாகுத்தன்மை அதிகம். 95 டிகிரியில் இருப்பதைப் போல 25 டிகிரியில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. மூலக்கூறுகளின் சொந்த வேகமும் குளிரில் குறைகிறது. இரண்டும் சேர்ந்து பயணத்தை மூன்று, நான்கு மடங்கு மந்தமாக்கிவிடுகின்றன. வெந்நீர் தூளைச் சட்டென்று ஊறவைத்து உப்பவைக்கும் வேலையும் இங்கே இல்லை. துகள் நனைவதற்கே நேரம் பிடிக்கிறது. போதாக்குறைக்கு, கோல்டு ப்ரூவுக்குத் தூளைக் கொரகொரப்பாக அரைக்கிறோம். துகளின் குறுக்களவு இரட்டிப்பானால் உள்ளிருப்பது வெளியே வர எடுக்கும் நேரம் நான்கு மடங்காகும்.

அதற்காக 24 மணி நேரம் ஊறப்போட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த வேதியியலாளர்கள் நைனி ராவும் மேகன் ஃபுல்லரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறை வெப்பநிலையில் ஊறிய காபியில் கஃபீனும் குளோரோஜெனிக் அமிலமும் ஏறக்குறைய 400 நிமிடங்களில், அதாவது ஏழு மணி நேரத்துக்குள், உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டன. அதற்கு மேல் ஊறவைத்தும் அவை கூடவில்லை. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் தண்ணீர் இன்னும் கெட்டிப்படும். பாகுத்தன்மையை வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்குப்படி அந்த ஏழு மணி நேரம் அங்கே சுமார் பன்னிரண்டாகிறது. ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே வைத்து, காலை எட்டு மணிக்கு எடுத்தால் சரியாக இருக்கும். இன்னும் அரை நாள் கிடக்கட்டும் என்று விடுவதால் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது.

இரண்டாவது கேள்விதான் ருசிகரமானது. நேரம் கொடுத்தால் குளிர்ந்த நீரும் வெந்நீர் எடுப்பதையெல்லாம் எடுத்துவிடும் என்றால், கடைசியில் இரண்டும் ஒரே காபியாக அல்லவா வர வேண்டும்? அப்படி வருவதில்லை. கஃபீன், பழ அமிலங்கள், சர்க்கரை வகைகள் போன்ற சிறிய மூலக்கூறுகள் குளிரிலும் வந்துவிடுகின்றன. வறுக்கும்போது உண்டாகும் பெரிய பழுப்பு மூலக்கூறுகளும், கசப்பைத் தரும் சில சேர்மங்களும், எண்ணெயும் சூடு பட்டால்தான் முழுமையாக இளகி வருகின்றன. எவ்வளவு காத்திருந்தாலும் அவற்றில் ஒரு பங்கு சக்கையிலேயே தங்கிவிடும். இதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோல்டு ப்ரூவை வடித்த பிறகு மிஞ்சும் சக்கையில் கொதிக்கும் நீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மறுபடியும் நிறம் இறங்கும். கசப்பும் ஒருவித மர வாசனையும் நாக்கில் தெரியும். மணம் அனேகமாக இருக்காது. குளிர்ந்த நீர் எதை விட்டுவைத்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் காட்டாது.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற சுவைஞர்களை வைத்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: வெந்நீர்க் காபியைவிடக் கோல்டு ப்ரூவில் கசப்பும் புளிப்பும் குறைவு, பூ மணம் அதிகம். ஆனால் இதிலிருந்து தாவி, கோல்டு ப்ரூவில் அமிலமே இல்லை, வயிற்றுப் புண்காரர்கள் தைரியமாகக் குடிக்கலாம் என்று விளம்பரம் செய்வது நியாயமில்லை. ராவும் ஃபுல்லரும் 2018-இல் பல நாட்டுக் கொட்டைகளை அளந்தபோது, குளிர்ந்த காபி, சூடான காபி இரண்டுக்குமே பி.எச். அளவு 4.85 முதல் 5.13 வரைதான் இருந்தது. மொத்த அமிலம் வெந்நீர்க் காபியில் கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நல்ல சேர்மங்களும் அதில்தான் கூடுதலாக இருந்தன. நாக்குக்கு மென்மையாக இருக்கிறது என்பதற்காக வயிற்றுக்கும் அப்படியே இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

இனி செய்முறை. நம் ஊரில் பலரும் சறுக்குவது தூள் வாங்கும் இடத்தில்தான். காபித்தூள் கடையில் வழக்கமாகக் கிடைப்பது ஃபில்டருக்கென்று நைஸாக அரைத்த, சிக்கரி கலந்த தூள். பிரெஞ்சு பிரஸ்ஸின் வலை அதைத் தடுக்காது; கிளாஸில் சேறுதான் வந்து சேரும். சிக்கரியில் கஃபீனே கிடையாது. குளிர்ந்த நீரிலும் அது முந்திக்கொண்டு கரைந்து, நிறத்தையும் கெட்டியையும் கொடுத்து, கொட்டையின் மெல்லிய மணத்தை மூடிவிடும். பாலோடு சேரும் டிகாஷனுக்கு சிக்கரி பொருந்தலாம். இங்கே அது வேண்டாம். சிக்கரி இல்லாமல் பிளாண்டேஷன் ஏ அல்லது பீபெரி கொட்டையை, உப்புமாவுக்கு வாங்கும் கோதுமை ரவை போலக் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். எதிரிலேயே அரைத்துக் கொடுக்கும் கடையில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரு லிட்டர் பிரஸ்ஸுக்கு 80 கிராம் தூள், 800 மி.லி. நல்ல குடிதண்ணீர். முதலில் பாதித் தண்ணீரை ஊற்றி நீளமான கரண்டியால் கிளறுங்கள். புதிதாக வறுத்த தூளாக இருந்தால் உள்ளே சிக்கியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதைத் தூக்கி மேலே மிதக்கவிடும். அடியில் கறுத்த தண்ணீரும் மேலே உலர்ந்த திட்டுகளுமாகத் தெரியும். அந்தத் திட்டுகள் உடைந்து நனையும்வரை கிளறிவிட்டு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். கம்பியை மேலே இழுத்தபடியே மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சென்னை மாதிரி ஊரில் ராத்திரியிலும் சமையலறை 30 டிகிரிக்கு இறங்காத மாதங்கள் உண்டு. வெந்நீர் படாத இந்தக் காபியில் கிருமிகளைக் கொல்ல எதுவும் நடப்பதில்லை. அதனால் ஊறுவது ஃபிரிட்ஜுக்குள்ளேதான் நடக்க வேண்டும்.

காலையில் எடுத்ததும் வலையை அடிவரை அமுக்கிச் சக்கையைப் பிழியாதீர்கள். பிழிந்தால் அடியில் படிந்திருக்கும் பொடித்தூள் வலையின் ஓரங்களில் பீறிட்டு மேலே வந்துவிடும். சக்கையின் தலையைத் தொடும் அளவுக்கு மெதுவாக இறக்கிவிட்டு, அப்படியே சாய்த்து ஊற்றுவது போதும். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்பதால், சுமார் 640 மி.லி. கிடைக்கும். அதைக் காகித ஃபில்டரில் இன்னொரு முறை வடிகட்டுவதை நான் வலியுறுத்துவேன். மண்டி நீங்கித் தெளிவாக இருக்கும் என்பது ஒன்று. கொலஸ்ட்ரால் இன்னொன்று. நார்வேயின் ட்ரோம்ஸோ நகரில் நடந்த இதயநோய் ஆய்வு 1983-இல் காபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொண்டுவந்தது. காபி எண்ணெயில் இருக்கும் காஃபெஸ்டால் என்ற பொருளே அதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. கம்பிவலை அதை அப்படியே விட்டுவிடும். காகிதம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வடித்ததைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து நான்கைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் கிருமி பி.எச். 4.6-க்கு மேலே, காற்றில்லாத இடத்தில் வளரக்கூடியது. கோல்டு ப்ரூ அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. 2024-இல் அமெரிக்காவில் டப்பாவில் அடைத்த காபி வகைகள் இந்த அபாயத்தைக் கருதியே திரும்பப் பெறப்பட்டன. ஃபிரிட்ஜில் சில நாள் இருக்கும் வீட்டுப் பாட்டிலுக்கு அந்தப் பயம் தேவையில்லை. காற்றுப் புகாமல் அடைத்து அலமாரியில் சேமிக்கும் யோசனை மட்டும் கூடாது.

கடைசியாக, அளவு. 80 கிராம் அரபிகா தூளில் இருப்பது சுமார் 960 மி.கி. கஃபீன். அது முழுவதும் இறங்கியதாக வைத்துக்கொண்டால், வடித்த காபியின் 100 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும். ரொபஸ்டாவாக இருந்தால் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி., கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. கசப்பு இல்லாததால் ஒரு பெரிய டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட முடியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. 100 மி.லி. காபி, அதே அளவு தண்ணீர் அல்லது குளிர்ந்த பால், நாலைந்து ஐஸ் கட்டி என்று கலந்துகொள்ளுங்கள். உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், அந்த டம்ளரைப் பகல் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.