வெற்றிடக் குழாயும் அதன் கணினி நிழலும்

கருவியொன்றின் குறைபாடே அதன் பெருமையாக மாறிய வரலாறுகள் உலகிற் சிலவே உள. மின்கிற்றாருக்கெனச் செய்யப்பட்ட 'அம்பிளிபயர்' என்னும் பெருக்கியின் வரலாறு அவற்றுள் ஒன்று. கம்பியின் மெல்லிய அதிர்வைப் பெரிதாக்கித் தருதலே பெருக்கியின் கடன். பெரிதாக்கும்பொழுது அதன் வடிவத்தைச் சிறிதும் மாற்றலாகாது என்பதே அதனை அமைத்த பொறியியலாளரின் நோக்கம். அந்நோக்கம் தவறிய இடத்திலேதான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கேட்கப்பட்ட கிற்றார் இசையின் பெரும்பகுதி பிறந்தது. அத்தவறுதலை இன்று கணினியிலே எண்களைக் கொண்டு போலிசெய்கின்றனர். போலி மூலத்தை எட்டிவிட்டதா என்பது இசைஞரிடையே பல்லாண்டுகளாக நடைபெறும் வழக்கு. அவ்வழக்கின் அடியில் உள்ள பௌதிகத்தை ஈண்டு ஆராய்வோம். மாணாக்கர்க்கு இதிற் கற்கத்தக்கன பல உண்டு. பழைய மாணவருள், வால்வு வானொலியைத் திருகிவிட்டு அது சூடேறிப் பேசும்வரை காத்திருந்தவர்க்குப் பாதிக் கதை முன்னரே தெரியும்.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள்ளே சூடேற்றப்பட்ட கதோட்டிலிருந்து கிளம்பும் இலத்திரன்கள், நேரேற்றங் கொண்ட அனோட்டை நோக்கி ஓடுகின்றன. 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஜோன் அம்புறோஸ் பிளெமிங் அமைத்த குழாயில் இவ்விரு மின்வாய்களே இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கராகிய லீ டி பொறெஸ்ற் என்பார் இரண்டிற்கும் இடையே கம்பியாலான நெய்யரியொன்றைப் புகுத்தினார். நெய்யரியிலே தோன்றும் சிறு அழுத்த மாற்றம் அனோட்டின் மின்னோட்டத்திலே பெருமாற்றத்தை விளைக்கும். மதகின் பலகையைச் சிறிதே அசைக்க வாய்க்காலின் நீர் முழுவதும் கூடிக் குறைதல் போல. கிற்றார்ப் பெருக்கிகளின் முன்நிலையில் இன்றும் பெரிதும் வழங்குவது ஈ.சி.சி. 83 என்னும் வால்வு. அமெரிக்கர் அதனையே 12 ஏ.எக்ஸ். 7 என்பர். அதன் பெருக்கக் காரணி 100. ஒலிபெருக்கியை இயக்கும் கடைநிலையிலோ ஈ.எல். 34 போன்ற பெரிய வால்வுகள் 400 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்யும்.

மதகை முழுவதுந் திறந்தபின் மேலும் திறக்க இயலாது. முற்றாக மூடியபின் மேலும் மூடவும் இயலாது. வால்வுக்கும் இவ்விரு எல்லைகள் உண்டு. கிற்றாரிலிருந்து வரும் அலை சிறிதாயின் அஃது எல்லைகளுக்கிடையே வடிவு கெடாது பெருகும். பெரிதாயின் அலையின் முடிகள் மழுங்கித் தட்டையாகும். முடி மழுங்கிய அலையிலே, மூல மீடிறனோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு எனப் புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன. இதுவே திரிபு எனப்படுவது. வால்வு தன் எல்லையை மெல்ல மெல்ல அணுகுவதால் முடி உருண்டு மழுங்கும். பல திரான்சிற்றர்ச் சுற்றுக்களிலோ கத்தியால் அரிந்தாற்போல அறும். முன்னது செவிக்கு இனிமையாயும் பின்னது கரகரப்பாயும் படுவதற்கு இதுவே முதற் காரணம்.

இவ்விடத்தில் ஒன்று கூறல் வேண்டும். இரட்டை எண் மேற்சுரங்கள் வால்வுக்குரியன, ஒற்றை எண் மேற்சுரங்கள் திரான்சிற்றருக்குரியன என்று எழுதுவார் பலர். அஃது அரை உண்மையே. தனி வால்வு அலையின் இருபாதிகளையும் ஒப்ப மழுக்காமையால் இரட்டை எண் மேற்சுரங்கள் எழுவது மெய். ஆனால் பெரிய பெருக்கிகளின் கடைநிலையிலே வால்வுகள் எதிரெதிராய் இணைகளாக நின்று தள்ளியும் இழுத்தும் வேலை செய்கின்றன. அவ்வமைப்பிலே அந்நிலையில் எழும் இரட்டை எண் மேற்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒற்றை எண்ணுக்குரியனவே எஞ்சும். ஆகவே, புகழ்பெற்ற வால்வுப் பெருக்கியின் முழக்கத்திற் பெரும்பகுதி ஒற்றை எண் மேற்சுரமே.

திரிபை விரும்பிக் கேட்கும் வழக்கம் தற்செயலாகவே தோன்றியது. 1951இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிற் பதிவான 'றொக்கற் 88' என்னும் பாட்டிலே, பழுதுற்ற பெருக்கியொன்றின் கிழிந்த கூம்பிற் கடதாசியைத் திணித்து வாசித்தனர் என்பர். அந்தக் கரகரப்பே பாட்டுக்குப் பெயர் தந்தது. கலிபோர்னியாவில் லியோ பெண்டர் 1950களின் இறுதியில் விற்ற 'பாஸ்மன்' பெருக்கி, தாழ்சுரக் கிற்றாருக்கெனவே செய்யப்பட்டது. 1962இல் மேற்கு இலண்டனின் ஹன்வெல் பகுதியிலே மேளக்கடை நடத்திவந்த ஜிம் மாஷலும் அவருடைய தொழில்வினைஞரும் அதன் சுற்றை ஏறக்குறைய அவ்வாறே பின்பற்றி, பிரித்தானியாவிற் கிடைத்த உறுப்புக்களையும் 12 அங்குல ஒலிபெருக்கிகளையும் பொருத்திப் புதிய பெருக்கியொன்றைச் செய்தனர். மாஷலின் பெருக்கியே ஒருவகையில் முதற் போலி எனலாம்; போலி மூலத்தினும் வேறாய்த் தனிக்குரல் பெற்றது. 1966இல் ஜோன் மேயோலின் இசைத்தட்டுக்கு எரிக் கிளப்ரன் அதனை இலண்டன் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் முழு ஒலியளவில் வைத்து வாசித்தார். குறைக்கச் சொன்னார்க்கு அவர் இணங்கவில்லை. அவர் பிடிவாதத்திற்குப் பௌதிகக் காரணம் உண்டு: ஒலியைக் குறைத்தால் கடைநிலை வால்வுகள் எல்லையை எட்டா, எட்டாதவழி அவர் விரும்பிய குரலும் வாராது.

இடர்ப்பாடு இங்கேதான். நல்ல குரல் வேண்டுமாயின் அயலார் பொறுக்கமாட்டாத ஒலி எழுந்தே தீரும். 30 கிலோகிராம் அளவு பாரமுள்ள பெட்டியைச் சுமக்கவும் வேண்டும். சிறிய அறையில் வாழ்பவனும், குழந்தை உறங்கும் வீட்டில் இரவிற் பயில்பவனும் செய்வது யாது? 1982இல் வந்த 'றொக்மன்', 1989இல் வந்த 'சான்ஸ் அம்ப்' என்பன திரான்சிற்றர்ச் சுற்றுக்களால் இதற்கு விடை கூற முயன்றன. 1990களின் பிற்பகுதியில் 'லைன் 6' நிறுவனத்தார் எண்முறையைக் கையாண்டனர். 1998இல் அவர்கள் வெளியிட்ட 'பொட்' என்னும் சிவப்பு நிறச் சிறுநீரக வடிவப் பெட்டி வீட்டுக்கு வீடு சென்றது. அதன்பின் அதே வேலை தனிப்பெட்டியும் இன்றிக் கணினியின் மென்பொருளுக்குள் அடங்கிற்று.

மென்பொருள் இதனைச் செய்யும் வழிகள் இரண்டு. முதலாவது, சுற்றின் ஒவ்வொரு தடையையும் கொள்ளளவியையும் வால்வையும் சமன்பாடாக எழுதி, அச்சமன்பாடுகளைச் செக்கனுக்கு 48,000 முறை தீர்த்தல். வால்வின் சமன்பாடு நேர்கோட்டுக்குரியதன்று. ஆகலின் ஒவ்வொரு முறையும் விடையை உத்தேசித்து, திருத்தி, மீண்டும் திருத்தி அணுகவேண்டும். கணிதம் பயில்வோர் அறிந்த நியூற்றனின் அண்ணளவு முறையே இங்குப் பெரிதும் உதவுகின்றது. இரண்டாவது வழியில், பெருக்கியினுள் யாது உளது என்று நோக்குவதே இல்லை. தெரிந்த ஓர் ஒலியை உள்ளே செலுத்தி, வெளிவருவதைப் பதிந்து, உட்சென்றதை வெளிவந்ததாக மாற்றும் விதியைக் கணினியே கற்கும்படி விடுதல். மனிதக் குரலை ஆக்குதற்கென 2016இல் இலண்டனில் அமைக்கப்பட்ட செயற்கை நரம்பு வலையமைப்பு ஒன்றின் வகையைக் கொண்டு, பின்லாந்தின் ஆல்ற்றோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் பாஸ்மன் பெருக்கியின் முன்நிலைச் சுற்றை இவ்வாறு ஒத்தியங்கச் செய்து காட்டினர். இரண்டாம் வழி வியக்கத்தக்க நுட்பமுடையது. எனினும், குமிழ்களின் நிலைகளையும் சேர்த்துக் கற்பியாவிடின், அது கற்பது, குமிழ்கள் ஒரு நிலையில் நின்றபொழுது அப்பெருக்கி ஒலித்த விதத்தையே. குமிழைத் திருகினால் வேறு பெருக்கி ஆகிவிடும். அதனையும் கற்பித்தல் வேண்டும்.

எண்முறைக்கே உரிய ஒரு நோய் உண்டு. தொடக்ககால மென்பொருள்களைப் பலர் வெறுத்ததற்கு அதுவே பெருங் காரணமாகும். திரையில் ஓடும் வண்டியின் சில்லு சிலவேளை பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். படங்கள் விட்டுவிட்டு எடுக்கப்படுவதால் நேரும் மயக்கம் அது. ஒலியையும் செக்கனுக்கு 48,000 முறை விட்டுவிட்டு அளப்பதால், 24,000க்கு மேற்பட்ட மீடிறன் எதனையும் எண்கள் உள்ளவாறு காட்டமாட்டா. இப்பொழுது செக்கனுக்கு 5,000 அதிர்வுள்ள ஒலியொன்றைத் திரிக்கின்றோம் என்க. அதன் ஏழாம் மேற்சுரம் 35,000. உண்மைப் பெருக்கியில் அது செவிக்கெட்டாமல் மறையும். கணினியிலோ அது 24,000 என்னும் சுவரில் மோதித் திரும்பி 13,000 ஆகக் கேட்கும். 5,000க்கும் 13,000க்கும் இசைமுறையில் உறவில்லை. அன்றியும், கம்பியை இழுத்து 5,100 ஆக உயர்த்தினால் அந்த ஆவி 12,300க்கு இறங்கும். சுரம் ஏற ஏற, பின்னால் ஒன்று இறங்கிக்கொண்டே செல்லும்! இதனையே வீரர்கள் 'கண்ணாடி நொருங்கும் சத்தம்' என வைதனர். மருந்தும் உண்டு: உள்ளே எட்டு மடங்காக, அதாவது செக்கனுக்கு 384,000 முறை கணித்து, மிகையானவற்றை வடித்தபின் பழைய அளவுக்கு இறக்குதல். கணினிகள் வேகம் பெற்றபின் இம்மருந்து மலிந்தது. நோயும் பெரும்பாலும் தீர்ந்தது.

வால்வைப்பற்றிப் பேசுவோர் ஒலிபெருக்கியை மறந்துவிடுகின்றனர். 12 அங்குலக் கூம்பு 5,000 அல்லது 6,000 அதிர்வுக்கு மேல் ஏறக்குறைய ஊமையே. அவ்வூமைத்தனம் இல்லாவிடின் திரிபுற்ற ஒலி குளவிக் கூட்டின் இரைச்சல் போலாகும். மென்பொருள், கூம்பும் பெட்டியும் ஒலிவாங்கியும் ஒரு கணத்தட்டுக்குக் காட்டிய எதிரொலியைப் பதிந்துவைத்து அதனையே எல்லா ஒலிக்கும் பொருத்துகின்றது. இங்கு இரு குறைகள் உள. கூம்பு மெல்லிய ஒலியிலும் உரத்த ஒலியிலும் ஒரேவிதமாக நடப்பதில்லை. பதிந்த எதிரொலியோ என்றும் ஒன்றே. அன்றியும், 8 ஓம் எனக் குறித்த ஒலிபெருக்கி 100 அதிர்வை அண்டிய பரிவு நிலையில் அதன் பன்மடங்கு தடையைக் காட்டி, நிலைமாற்றியினூடாகக் கடைநிலை வால்வுகளையே தாக்குகின்றது. பெருக்கியும் ஒலிபெருக்கியும் தனித்தனியே வெட்டி ஒட்டத்தக்கன அல்ல. சிறந்த மென்பொருள்கள் இவ்வுறவையும் சமன்பாட்டிற் சேர்த்துள்ளன, மலிவானவை சேர்க்கவில்லை.

இனி, கையுணர்வு. கம்பியைப் பலமாக அறைந்தவுடன் கடைநிலை பெருமின்னோட்டத்தை வேண்டும். மின்வழங்கியில் வால்வுச் சீராக்கியுள்ள பெருக்கியில் அழுத்தம் ஒருகணம் தாழ்ந்து மீளும். ஒலி அமுங்கிப் பின் மலரும். வாசிப்பவனுக்கு இது மெத்தையில் ஊன்றியது போன்ற உணர்வைத் தரும். கேட்பவன் இதனை அறியாமலிருக்கலாம். வாசிப்பவன் இதற்கேற்பவே தன் அடுத்த அடியை வகுக்கின்றான். இதுவும் இன்று கணிக்கப்படுகின்றது. கணினியின் தாமதம் என்பது சிலர் அஞ்சுமளவிற்குப் பெரிதன்று. 256 அளவைகள் கொண்ட இடைத்தேக்கத்தால் நேரும் தாமதம் ஏறக்குறைய 5 மில்லிசெக்கன். உட்செல்லவும் வெளிவரவும் எனக் கணக்கிட்டால் இன்னுங் கூடும். மேடையிற் பெருக்கிக்கு 3 மீற்றர் தள்ளி நிற்பவனை ஒலி வந்தடைய 9 மில்லிசெக்கன் செல்கின்றதே!

ஆனால் ஒன்றை எச்சமன்பாடும் தராது. உரக்க ஒலிக்கும் பெருக்கியின் முன் கிற்றாரைப் பிடித்தால், அறையின் காற்றே கம்பியை மீண்டும் அதிரச் செய்யும். சுரம் ஓயாது நிற்கும். இது காற்றின் வேலை. செவிக்கருவி அணிந்து கணினிமுன் அமர்ந்தவனுக்கு அக்காற்று இல்லை. 'மென்பொருள் உயிரற்றது' என்பாரிற் பலர் உண்மையில் ஒப்பிடுவது, அறை நிறைந்த பெருக்கியையும் செவிக்குள் அடங்கிய ஒலிவாங்கிப் பதிவையும். அது நீதியான ஒப்பீடு அன்று. இரண்டையும் பதிவாக்கி ஒரே ஒலிபெருக்கியிற் கேட்பின், நல்ல போலியை மூலத்தினின்று பிரித்தறிதல் இன்று மிகக் கடினம் என்பதே எம் கருத்து.

மூலத்தைப் பேணுவதும் எளிதன்று. வால்வுகள் தேய்ந்து மாளும் பொருள்கள். பிரித்தானிய முல்லாட் நிறுவனம் பிளாக்பேணில் நடத்திய பெருந் தொழிற்சாலை எப்பொழுதோ வால்வுகளைக் கைவிட்டது. உருசியாவின் சராதொவ், சிலோவாக்கியா, சீனா எனச் சில இடங்களே எஞ்சின. 2022இல் உருசியாவின் ஏற்றுமதித் தடை அறிவிக்கப்பட்டபொழுது கிற்றார் உலகம் கலங்கியது. தடை பின்னர்த் தளர்ந்தும் விலை உயர்ந்தது. பழைய பெருக்கியைத் திறந்துபார்க்க விழையும் மாணாக்கர் ஒன்றை நினைவிற் கொள்க: மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகள் பல நூறு வோல்ற்று ஏற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். அது கொல்ல வல்லது. அறிந்தவர் துணையின்றித் தொடற்க.

புதிதாகத் தொடங்கும் மாணாக்கன் பெருக்கிக்குப் பணம் சேர்க்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. மென்பொருளோடு தொடங்கலாம், இலவசமாய்க் கிடைப்பனவுள்ளும் நல்லன உள. ஆனால் கிற்றாரைக் கணினியின் சாதாரண ஒலிவாங்கித் துளையிற் செருகுவது கூடாது. கிற்றாரின் காந்தச் சுருள் தன் முன்னே 1 மெகாஓம் அளவு தடையை எதிர்பார்ப்பது. வால்வுப் பெருக்கியின் வாயில் அவ்வளவினதே. தடை குறைந்த துளையிலே உயர்சுரங்கள் உள்ளே நுழையுமுன்பே மடிந்துவிடும். கிற்றாருக்கெனக் குறிக்கப்பட்ட துளையுள்ள இணைப்புக் கருவியொன்றை முதலில் வாங்குக. மங்கிய ஒலியைக் கேட்டு மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்போர் பலர்க்கு, பழுது மென்பொருளில் இல்லை, அத்துளையிலேயே உளது.