தொப்பையை எட்டாத மின்சாரம்

காலையில் எழுந்ததும் வெறுங்காலோடு எடை பார்க்கும் மெஷினில் ஏறி நிற்கிறார் ஒருவர். கண்ணாடிப் பலகையில் முதலில் எடை வருகிறது. நாலைந்து நொடியில் இன்னோர் எண்: கொழுப்பு 27.4 சதவீதம். முந்தின நாள் 26.1 என்று காட்டிய அதே மெஷின். 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்த வித்தியாசம் முக்கால் கிலோ கொழுப்பு. ஒரே ராத்திரியில் எந்த உடம்பும் அவ்வளவு கொழுப்பைச் சேர்த்துவிடாது.

மாறியது பெரும்பாலும் தண்ணீர்.

மெஷினில் பாதம் படும் இடத்திலுள்ள உலோகத் தகடுகள் வழியாக மிகச் சிறிய மின்சாரம், ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக, ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. தசையிலும் ரத்தத்திலும் உப்பு கலந்த நீர் இருப்பதால் மின்சாரம் அவற்றில் எளிதாகப் பாயும். கொழுப்பில் நீர் குறைவு, அது தடுக்கும். எடையைத் தவிர, மெஷின் உண்மையில் அளப்பது இந்தத் தடையை மட்டும்தான். அதிலிருந்து உடம்பின் நீரைக் கணக்கிட்டு, கொழுப்பு நீங்கலான உடம்பில் சுமார் 73 சதவீதம் நீர் என்ற பொது விகிதத்தை வைத்து அந்தப் பகுதியின் எடையை ஊகித்து, மொத்த எடையிலிருந்து கழிக்கிறது. மிஞ்சுவதற்குப் பெயர் கொழுப்பு.

அதனால்தான் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் ஏறினால் கொழுப்பு கூடிவிட்டதாகத் தெரியும். அரை லிட்டர் தண்ணீர் குடித்த கையோடு ஏறினாலும் அதே கதை: வயிற்றில் இருக்கும் தண்ணீர் எடையைக் கூட்டும், தடையை உடனே குறைக்காது. அந்த அரை கிலோவில் பெரும்பகுதி கொழுப்புக் கணக்கில் போய் விழும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மெஷினில் பதிந்துள்ள வயதையோ உயரத்தையோ மாற்றிவிட்டு அடுத்த நிமிடமே மறுபடி ஏறினால், பல மெஷின்களில் கொழுப்பு சதவீதம் மாறிவிடும். ‘விளையாட்டு வீரர்’ என்று தேர்ந்தெடுத்தால் சட்டென்று குறையும். உடம்பு அதேதான், சூத்திரம்தான் வேறு.

அந்தச் சூத்திரம் யாருடைய உடம்புகளை அளந்து எழுதப்பட்டது என்பது இந்தியர்களுக்கு மிக முக்கியமான கேள்வி. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் டெக்ஸா என்ற எக்ஸ்ரே முறையில் அளந்தபோது யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதம்! ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் இவ்வளவு கொழுப்பு ஒளிந்திருக்க முடியும். வேறு நாட்டு உடம்புகளுக்குப் பொருந்தும் சூத்திரம் இங்கே தவற நிறையவே இடமிருக்கிறது.

அந்தக் கொழுப்பு தேங்கும் இடம் பெரும்பாலும் வயிறு. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவதும் அதுதான். காலிலிருந்து காலுக்குப் போகும் மின்சாரமோ மேல்வயிற்றை எட்டுவதே இல்லை. கைப்பிடி வைத்த பெரிய மெஷின்களில் மின்சாரம் உடல் முழுக்கப் போகிறது, உண்மைதான். ஆனால் உடல் எடையில் பாதியளவு இருக்கும் நடுவுடல், மொத்த மின்தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கணக்கில் வரும். மெல்லிய கம்பியில் தடை அதிகம், தடித்த கம்பியில் குறைவு. கைகால்கள் மெல்லிய கம்பி, வயிறு தடித்த கம்பி. ‘உள்ளுறுப்புக் கொழுப்பு 9’ என்று திரையில் வருவதும் ஊகம்தான்.

2021-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு, வீட்டு மெஷின்கள் மூன்றை டெக்ஸாவோடு ஒப்பிட்டது. எடையில் தவறு மிகக் குறைவு. உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதற்கு அவற்றை நம்ப முடியாது என்றே ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள்.

வாங்கிய மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், எப்போதும் ஒரே மெஷினில் பார்த்துக் குறித்து வந்தால், இரண்டு மூன்று மாதப் போக்கு ஓரளவு தெரியும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் ஏறவே கூடாது.

கூடவே தையற்காரர் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் சுற்றி அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு எல்லை 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டுவிட்டால், மெஷின் எந்த எண்ணைக் காட்டினாலும், ஒருமுறை ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுவது நல்லது.