ரவுட்டரின் உள்மென்பொருளை மாற்றுதலும் நுழைவுச் சிக்கலும்

உசிலம்பட்டி வட்டாரத்தில் இன்று பல இல்லங்களின் சுவரில் ஒரு சிறு பெட்டி தொங்கக் காண்கிறோம். வெளியிலிருந்து வரும் இணையத்தை வீட்டிலுள்ள கைப்பேசிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர் அது. கண்மாய்க்கு மடை எப்படியோ, அப்படியே இதுவும். எவ்வயலுக்கு எவ்வளவு நீர் விடுவது என்பதை நீர்பாய்ச்சி அறிவார். ரவுட்டருக்குள் அவ்வேலையைச் செய்வது ஃபர்ம்வேர் எனும் உள்மென்பொருளாகும்.

பெட்டியைச் செய்த நிறுவனம் சில ஆண்டுகளில் அதற்குத் திருத்தம் வழங்குவதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடுவதில்லை. இதற்கு மாற்று பிறந்த கதை சுவையானது. 2003-ஆம் ஆண்டில் லிங்சிஸ் நிறுவனம், பொது உரிம விதிகளுக்கு இணங்கித் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூல நிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி போன்ற இலவச உள்மென்பொருள்கள் கிளைத்தன. இமயமலைச் சரிவிலுள்ள தர்மசாலாவில் 2005-ஆம் ஆண்டு முதல் இத்தகைய ரவுட்டர்களைக் கொண்டே மலைக் கிராமங்களைக் கம்பியின்றி இணைத்தனர்.

மாற்ற விரும்புவோர் முதலில் பெட்டியின் அடிப்புறச் சீட்டைப் படித்தல் வேண்டும். பெயர் ஒன்றாயிருப்பினும் பதிப்பு எண் வேறாயின் உள்ளுறுப்புகளும் வேறாகலாம். மேற்கூறிய லிங்சிஸ் பெட்டியே ஐந்தாம் பதிப்பில் பாதி நினைவகத்துடன் வந்தது! இன்றைய ஓப்பன்டபிள்யூஆர்டிக்குக் குறைந்தது 8 மெகாபைட் சேமிப்பும் 64 மெகாபைட் நினைவகமும் தேவை. மாற்றும்போது மின்சாரம் நின்றால் பெட்டி உயிரற்றுப் போகக்கூடும்; ஆதலின் இன்வெர்ட்டர் உள்ள இடத்தில், வைஃபையை நம்பாமல், கம்பி வழியே செய்தல் நலம்.

மாற்றிய பின்னர் பலர் தடுமாறும் இடம் நுழைவாயில்தான். சீட்டில் அச்சிட்ட பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பழைய உள்மென்பொருளுக்கு உரியவை. புதியது அவற்றை அறியாது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் பயனர் பெயர் 'ரூட்', கடவுச்சொல் வெற்றிடம், முகவரி 192.168.1.1. டிடி-டபிள்யூஆர்டியின் பழைய பதிப்புகளில் 'ரூட்', 'அட்மின்'. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகையில் 'அமைப்புகளை வைத்துக்கொள்' என்னும் குறியை நீக்காவிடில், பழைய அமைப்புகள் புதியவற்றோடு கலந்து கதவை அடைத்துவிடும். மற்றொரு மயக்கமும் உண்டு. இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியும் இதே முகவரியைக் கொண்டிருக்கலாம். கணினி அதனுடன் வைஃபையில் இணைந்திருந்தால், நாம் தட்டுவது அதன் கதவையே. எனவே வைஃபையை அணைத்து, வெளிக்கம்பியைக் கழற்றிவிட்டு முயல்க.

அப்போதும் திறக்கவில்லையெனில் ஓப்பன்டபிள்யூஆர்டியில் ஒரு வழி உண்டு. கணினிக்கு 192.168.1.2 எனும் முகவரியைக் கையால் இடுக. பெட்டியை இயக்கியதும் விளக்கு மின்னுகையில் பொத்தானை அழுத்தினால் பாதுகாப்பு நிலை வரும். எஸ்எஸ்எச் வழியாகக் கடவுச்சொல் இன்றி நுழைந்து, 'ஃபர்ஸ்ட்பூட்' கட்டளையால் அமைப்புகளை அழித்து, மறுபடி இயக்கலாம். உள்ளே சென்றவுடன் முதல் வேலையாகப் புதிய கடவுச்சொல்லை இடுக. வெற்றிடக் கடவுச்சொல் கதவில்லாக் களஞ்சியமே.

பஞ்சாயத்து அங்கத்தினருக்கு ஒரு சொல்: பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சி அலுவலகத்தில் வைத்த சாதனங்கள் பொதுச்சொத்து; அவற்றில் இம்முயற்சி கூடாது. சொந்தப் பெட்டி, அதிலும் காப்புறுதிக் காலம் கழிந்த பழம்பெட்டி இருந்தால், அதில் கைபழகலாம்.