ஓடிஸிடமிருந்து அரீத்தா எடுத்துக்கொண்ட பாட்டு

மறுகுரல் – 11

'ரெஸ்பெக்ட்' பாட்டை எழுதியவர் ஓர் ஆண். மெட்டுப் போட்டவரும் முதலில் பாடியவரும் அவர்தான். ஆனால் இன்றைக்கு எந்த நாட்டில் அந்தப் பாட்டு ஒலித்தாலும் கேட்பவர் மனதில் வந்து நிற்பது அரீத்தா ஃபிராங்க்ளினின் முகம். பெண்கள் தங்கள் உரிமையைக் கேட்டுக் கூடும் இடங்களிலெல்லாம் அறுபது ஆண்டாகப் பாடப்படுகிற இந்தப் பாட்டு, வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு கணவனின் கோரிக்கையாகத்தான் பிறந்தது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

போன வாரம் பாப் டிலனின் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கைக்குப் போன கதையைப் பார்த்தோம். டிலனின் இசைத்தட்டு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் அதைப் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டார். அங்கே வளர்ந்தது கிட்டார். பாட்டுக்குள் பேசுகிற ஆள் மாறவில்லை. இந்த வாரப் பாட்டில் அந்த ஆளே மாறுகிறார். அதனால்தான் இந்தத் தொடரில் நான் எழுத நினைத்த எல்லாப் பாடல்களிலும் இதை முதன்மையாகக் கருதுகிறேன்.

ஓடிஸ் ரெட்டிங் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் நகரில் வளர்ந்தவர். அவர் பாடியது டென்னஸி மாநிலம் மெம்ஃபிஸில் இருந்த ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காக. மெக்லமோர் அவென்யூவில் இருந்த பழைய சினிமா தியேட்டர் ஒன்றைத்தான் ஸ்டாக்ஸ்காரர்கள் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். நாற்காலிகளைப் பிடுங்கினார்களே தவிர, சரிந்த தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ஹோட்டலில் சேர்ந்து சாப்பிட முடியாதிருந்த ஊரில், அந்தச் சரிந்த தரையில் இரண்டு நிறத்தவரும் சேர்ந்து வாசித்தார்கள். டிரம்ஸில் அல் ஜாக்சன், கிட்டாரில் ஸ்டீவ் கிராப்பர், பாஸ் கிட்டாரில் டக் டன். 1965 ஜூலையில் ஏறக்குறைய ஒரு பகல், ஓர் இரவு வேலையில் 'ஓடிஸ் ப்ளூ' என்ற ஆல்பம் முழுவதையும் இவர்கள் பதிவுசெய்து முடித்தார்கள். அதில் ஒன்றுதான் 'ரெஸ்பெக்ட்'.

அந்தப் பதிவை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. அல் ஜாக்சனின் அடி ஒவ்வொன்றும் கதவைத் தட்டுவதுபோல விழுகிறது. ஊது வாத்தியங்கள் ஓடிஸைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகின்றன. இடையிசை கிடையாது, மூச்சு வாங்க இடமே இல்லை. பாட்டில் வருகிற கணவன் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டு வருகிறான். தான் ஊரில் இல்லாதபோது மனைவி என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்கிறேன், வீட்டுக்குள் நுழைந்ததும் கொஞ்சம் மரியாதை கொடு என்கிறான். அதிகாரமாகத் தொடங்கி அவன் குரல் கெஞ்சலில் முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடிஸ் அல்லாடுவதுதான் அந்தப் பதிவின் அழகு. அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. பொதுப் பட்டியலில் முப்பத்தைந்தாம் இடம். நல்ல வெற்றிதான்.

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் பாடுவது அமெரிக்காவில் அப்போது கறைபடிந்த வழக்கமாகவும் இருந்தது. 1950களில் கறுப்பினப் பாடகர்கள் வெளியிட்ட பாட்டு கொஞ்சம் ஓடத் தொடங்கினால் போதும், அதையே ஒரு வெள்ளைப் பாடகரை வைத்து அவசரமாகப் பதிவுசெய்து பெரிய சந்தையில் விற்றுவிடுவார்கள். லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'யைப் பேட் பூன் பாடினார். உயிரே இல்லாத பதிவு. பொதுப் பட்டியலில் அதுதான் முந்தியது. எனவே, கவர் பாட்டு மூலத்தை மிஞ்சியது என்று விற்பனைக் கணக்கை வைத்து யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அரீத்தா பாடியதும் விற்பனையில் ஓடிஸை எங்கோ விட்டுச் சென்றது. நான் இங்கே பேசப்போவது அந்த வெற்றியைப் பற்றியல்ல.

அரீத்தா பிறந்ததும் மெம்ஃபிஸில்தான், 1942இல். வளர்ந்தது டெட்ராய்ட்டில். அப்பா சி.எல். ஃபிராங்க்ளின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாகவே விற்றன. 1963 ஜூனில் மார்ட்டின் லூதர் கிங்கோடு டெட்ராய்ட் வீதிகளில் மாபெரும் ஊர்வலம் நடத்தியவர்களில் அவரும் ஒருவர். அந்த சர்ச்சில் பியானோ வாசித்துப் பாடித்தான் அரீத்தா தேர்ந்தார். பதினெட்டு வயதில் கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆறு ஆண்டுகள் பழைய நாடகப் பாடல்கள், ஜாஸ், வயலின் கூட்டத்துக்கு நடுவே மெல்லிசை என்று எதையெதையோ பாடவைத்தார்கள். குரல் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1966 கடைசியில் அட்லான்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை அழைத்துக்கொண்டார். பில்போர்டு பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இந்த வெக்ஸ்லர்தான். அவர் செய்த முதல் நல்ல காரியம், அரீத்தாவைப் பியானோ முன்னால் உட்காரவைத்தது. 1967 ஜனவரியில் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் முதல் பதிவு. ஒரு பாட்டு அற்புதமாக முடிந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. அன்று எழுந்த வாய்த்தகராறு இரவில் முற்றி, அரீத்தாவும் கணவரும் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள். வெக்ஸ்லர் விடவில்லை. அதே அலபாமா இசைக்கலைஞர்களை நியூயார்க்குக்கு வரவழைத்தார். அங்கே 1967 பிப்ரவரி 14 அன்று பதிவானது 'ரெஸ்பெக்ட்'.

கூடத்துக்குள் நுழையும்போதே பாட்டு உருவாகி இருந்தது என்பதுதான் முக்கியம். அரீத்தா அதை மேடைகளில் பாடிப் பார்த்திருந்தார். தங்கை கரோலினோடு உட்கார்ந்து பின்குரல்களை அமைத்திருந்தார். பதிவில் கரோலினும் அக்கா எர்மாவும் பின்னால் நிற்கிறார்கள். ஓடிஸின் பாட்டில் அவனுக்குத் துணை பெரும்பாலும் ஊது வாத்தியங்கள். இங்கே ஒரு பெண் பேசும்போது இன்னும் இரண்டு பெண்கள் ஆமாம் போடுகிறார்கள், எடுத்துக்கொடுக்கிறார்கள், தூண்டிவிடுகிறார்கள். வீட்டில் அரீத்தாவைச் செல்லமாக 'ரீ' என்று கூப்பிடுவார்கள். தலைப்புச் சொல்லின் முதல் அசையும் அதை ஒட்டியே ஒலிக்க, அந்த அசையைப் பின்குரல்கள் திரும்பத் திரும்ப அடுக்குகின்றன. பிரசங்கம் செய்பவர் ஒரு வரி சொல்ல, சபை பதில் கொடுக்கும் சர்ச் வழக்கம் அப்படியே உள்ளே வந்துவிட்டது.

சொற்களும் மாறின. ஓடிஸின் கணவன், மனைவி தவறு செய்தாலும் பரவாயில்லை என்றான். அரீத்தாவின் பெண், நீ இல்லாதபோது நான் தவறு செய்யப்போவதில்லை, செய்ய எனக்கு விருப்பமும் இல்லை என்கிறாள். பணமும் இப்போது அவள் கையில் இருக்கிறது. கெஞ்ச வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. தனக்கு உரியதைக் கேட்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்தது இடையிசை. ஓடிஸ் பாட்டில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. சாம் அண்ட் டேவ் பாடிய வேறொரு ஸ்டாக்ஸ் பாட்டிலிருந்து கார்டுகளை எடுத்துப் பொருத்தினார்கள். பாட்டு சட்டென்று வேறு சுருதிக்குத் தாவுகிறது. கிங் கர்டிஸின் சாக்ஸபோன் அந்த இடத்தை நிரப்புகிறது. திரும்பி வரும்போது கேட்பவர் தயாராகிவிடுகிறார். பிறகு வருவதுதான் எல்லோருக்கும் தெரிந்த இடம். வாத்தியங்கள் வெட்டி வெட்டி நிற்க, அரீத்தா தலைப்புச் சொல்லின் ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறார். ஓடிஸின் பாட்டில் இது இல்லவே இல்லை. இன்றைக்கு இந்தப் பாட்டை நினைத்தால் முதலில் நினைவுக்கு வரும் இந்த இடம் பாட்டை எழுதியவர் எழுதாதது. மொத்தப் பாட்டும் ஏறக்குறைய இரண்டரை நிமிடம்தான்.

அந்தச் சொல்லை ஒரு கறுப்பினப் பெண் அப்படி எழுத்து எழுத்தாகச் சொல்வதற்கு 1967இல் என்ன அர்த்தம் என்பதை இங்கிருந்து புரிந்துகொள்ள ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1963இல் அலபாமா மாநிலம் கேட்ஸ்டன் நகரில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றார். உரிமைப் போராட்டத்தில் கைதானவர். அரசு வழக்கறிஞர் அவரை வெறுமனே 'மேரி' என்று அழைத்துக் கேள்வி கேட்டார். வெள்ளைப் பெண்களை மிஸ் என்றும் மிஸஸ் என்றும் மரியாதையோடு விளிப்பதும், கறுப்பினப் பெண்களை எந்த வயதானாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் அங்கே வழக்கம். மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்று அவர் மறுத்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, ஐம்பது டாலர் அபராதம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1964இல்தான் அந்தத் தண்டனை ரத்தானது. அரீத்தா பாடியது இந்த வழக்கை மனத்தில் வைத்து என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டவர்கள் இப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு கேட்டார்கள். ஒரு வீட்டுக்குள் கணவன் மனைவி பேச்சாக இருந்தது தெருவுக்கு வந்துவிட்டதற்குக் காரணம் இதுதான்.

1967 ஜூன் முதல் வாரத்தில் அது பில்போர்டு பொதுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. இரண்டு கிராமி விருதுகள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2021இல் வெளியிட்ட, எல்லாக் காலத்துக்குமான ஐந்நூறு பாடல்களின் பட்டியலில் முதல் பாட்டு இதுவே.

ஓடிஸுக்கு இதில் வருத்தம் இருந்ததா? அந்த ஜூன் மாதம் 17ஆம் தேதி இரவு கலிஃபோர்னியாவின் மான்டரே விழா மேடையில் அவர் 'ரெஸ்பெக்ட்' பாடினார். பாடும் முன்பு, என் சிநேகிதி ஒருத்தி இந்தப் பாட்டை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்ற பொருளில் கூட்டத்திடம் சொன்னார். பதிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். குரலில் கசப்பு இல்லை, பிரியம்தான் இருக்கிறது. ஓடிஸும் மற்றவர் பாட்டை எடுத்துக்கொண்டவர்தானே. 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' 1930களின் பாட்டு. பிங் க்ராஸ்பி பாடினார். கொலம்பியாவில் இருந்தபோது அரீத்தாவே 1962இல் பாடினார். அதை 1966இல் ஓடிஸ் பாடிய பிறகு முன்னால் பாடியவர்களின் பதிவுகளை யாரும் அதிகம் தேடவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டை 'ஓடிஸ் ப்ளூ'விலேயே பாடியிருக்கிறார். கிட்டார் வாசித்த இடத்தில் அவர் ஊது வாத்தியங்களை வைத்தார். தன் மனதில் முதலில் இருந்ததும் அதுதான் என்று பாட்டை உருவாக்கிய கீத் ரிச்சர்ட்ஸே பின்னர் சொல்லியிருக்கிறார்.

மான்டரே முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலம் மாடிசன் அருகே மனோனா ஏரியில் ஓடிஸின் விமானம் விழுந்தது. அவருக்கு வயது இருபத்தாறு.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது. அமெரிக்காவில் 1909இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளியே வந்துவிட்டால், வேறு யார் வேண்டுமானாலும் அதைப் பதிவுசெய்யலாம். எழுதியவரின் அனுமதி தேவையில்லை, பிரதிக்கு இரண்டு சென்ட் கட்டினால் போதும். அந்தக் கட்டணம் பிறகு உயர்ந்தது. அரீத்தாவின் 'ரெஸ்பெக்ட்' உருவாக வழிவிட்டது அந்த ஏற்பாடு. அதில் எனக்கு நன்றிதான். ஆனால் அதே நாட்டில் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க வானொலிகள் அந்தப் பாட்டைப் போட்ட ஒவ்வொரு முறையும் ஓடிஸின் குடும்பத்துக்குப் பணம் போனது. அது அவர்களுக்கு உரியது. இளம் வயதில் கணவனை இழந்த பெண்ணும் பிள்ளைகளும் அதை நம்பியிருந்தார்கள். எழுத்துகளைப் பிரித்துச் சொல்லும் இடத்தையும், பின்குரல்களையும், புதிய சொற்களையும் சேர்த்த அரீத்தாவுக்கும் கரோலினுக்கும் ஒரு காசும் போகவில்லை. மரியாதை கேட்ட பாட்டுக்கே இப்படி நடந்தது அநியாயம். அரீத்தா 2018இல் இறந்தார். வானொலி பற்றிய அந்தச் சட்டம் இன்னும் மாறவில்லை.

யாருடைய பாட்டு உயர்ந்தது என்று கேட்டால் என் தீர்ப்பு அரீத்தா பக்கம்தான். தயங்காமல் சொல்வேன். ஆனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அரீத்தாவை முதலில் கேட்டுவிட்டு ஓடிஸிடம் போனால் அவர் வெறுமையாகத் தெரிவார். அது அவருக்குச் செய்யும் குற்றம். முதலில் ஓடிஸைக் கேளுங்கள், அல் ஜாக்சனின் டிரம்ஸை மட்டும் கவனித்து இன்னொரு முறை கேளுங்கள். அதன் பிறகு அரீத்தாவைப் போடுங்கள். அடுத்த வாரம், எழுபது வயதான ஜானி கேஷ் 2002இல் பாடிய 'ஹர்ட்'.