சுதி கலையாமல் வேகம் கூட்டும் பொத்தான்

டிஜே கன்ட்ரோலரில் ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு ஸ்லைடர் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நிமிடத்துக்கு 126 அடி, அடுத்து வரவேண்டியது 120 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் தாளமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் பின்னதை 5 சதவீதம் வேகப்படுத்த வேண்டும். ஸ்லைடரைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்தால் போதும், தாளம் சேர்ந்துவிடும். கூடவே பாடகரின் சுதியும் ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். அருகிலிருக்கும் ‘கீ லாக்’ பொத்தானை அழுத்தினால் சுதி பழைய இடத்துக்கு இறங்கும். வேகம் 126-லேயே நிற்கும்.

கச்சேரி மேடையில் இது புதிதல்ல. ஒரே சுதியில் விளம்ப காலத்திலும் துரித காலத்திலும் பாடுவது வித்வான்களின் அன்றாட வேலை. பதிவான ஒலிக்கு அந்தச் சுதந்திரம் பிறவியிலேயே கிடையாது. பல பத்தாண்டு உழைப்பில்தான் அதற்கு அது கிடைத்தது. இன்றுவரை முழுசாகக் கிடைத்துவிடவில்லை.

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஒரு சுரம் என்பது அடுத்தடுத்து வரும் நெளிவுகள். நொடிக்கு 440 நெளிவுகள் ஊசியைக் கடந்தால் 440 ஹெர்ட்ஸ் சுரம் கேட்கிறது. தட்டை 5 சதவீதம் வேகமாகச் சுற்றினால் அதே ஒரு நொடியில் 462 நெளிவுகள் கடக்கும். தாளமும் சுரமும் ஒரே பள்ளத்தில் இருப்பதால் ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரும். ஹார்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும் அதிர்வெண் விகிதம் சுமார் 1.0595. ஆகவே வேகம் 5.95 சதவீதம் கூடினால் சுதி சரியாக அரைக் கட்டை ஏறும். உலகெங்கும் டிஜேக்கள் கொண்டாடிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேசை 1979-இல் வந்தது. அதன் ஸ்லைடர் ±8 சதவீதம் வரை போகும். கடைசிவரை இழுத்தால் சுதி அரைக் கட்டையையும் தாண்டி, எந்தக் கட்டையிலும் சேராமல் நடுவில் நிற்கும். அந்த நிலையில் இன்னொரு பாட்டை அதன்மேல் கலந்தால் காது கூசுவது இதனால்தான்.

டிஜே பக்கமே போகாதவர்களும் இந்த ஏற்றத்தைக் கேட்டிருப்பார்கள். சினிமா நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது. ‘பால்’ (PAL) என்ற முறையில் இயங்கிய தொலைக்காட்சியோ நொடிக்கு 25 சட்டங்கள் காட்டியது. அந்த முறை இருந்த நாடுகளில் படத்தைச் சற்று வேகமாக ஓட்டி ஒளிபரப்புவதே வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டுகளின் சுதி அரைக் கட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும்.

குரல் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கோமாளித்தனமாக மாறுகிறது? நம் குரலுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. குரல்நாண்கள் அதிரும் வேகம் சுதியைத் தருகிறது. தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் நீளமும் வடிவமும் சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கின்றன. ஒருவரின் ‘ஆ’வை இன்னொருவரின் ‘ஆ’விலிருந்து பிரித்துக் காட்டுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பாடகர் மேல் சுதிக்குப் போகும்போது அந்தக் குழாயின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. பதிவை வேகமாக ஓட்டினால் குழாயும் சேர்ந்து சுருங்கியதுபோல் காது எடுத்துக்கொள்கிறது. வளர்ந்தவரின் குரல் சின்ன உடம்பிலிருந்து வருவதாகத் தோன்றுவதற்குக் காரணம் அதுவே.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் ‘சாங்ச்சுவரி’ விடுதியில் பிரான்சிஸ் கிராஸோ இரண்டு தட்டுகளின் தாளத்தை ஒன்றோடு ஒன்று பொருத்தி ஓட்டியபோது அவருக்குத் துணை காது ஒன்றுதான். இன்றைய கன்ட்ரோலரில் அந்த வேலை எண்களாகிவிட்டது. எண்களிலும் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கருவிகள் பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் சாதாரணக் கட்டளை ஒன்றுக்கு 128 படிகள்தான். ±8 சதவீத ஸ்லைடரை அத்தனை படிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.126 சதவீதம். வேண்டிய வேகம் இரு படிகளுக்கு நடுவே விழுந்தால் 0.063 சதவீதம்வரை பிழை தங்கும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஒரே நிமிடத்தில் அது 38 மில்லிநொடி விலகலாக வளர்ந்து, ஒற்றை அடி ‘டடக்’ என்று இரட்டை அடியாகக் கேட்கத் தொடங்கும். அதனால்தான் நல்ல கன்ட்ரோலர்களில் இந்த ஸ்லைடருக்கு மட்டும் இரண்டு எண்களைச் சேர்த்து 16,384 படிகள் தருகிறார்கள். நிமிடத்துக்கு விலகல் அரை மில்லிநொடிக்கும் கீழே வந்துவிடும். வேகம் சரியாகியும் அடிகள் முன்பின்னாக இருந்தால் ஸ்லைடரைத் தொடவே கூடாது. ‘ஜாக் வீல்’ எனப்படும் சுழல்தட்டை விரலால் லேசாகத் தள்ளித்தான் சேர்க்க வேண்டும்.

இனி கீ லாக். பின்னாளில் ஹாலோகிராபிக்காக 1971-இல் நோபல் பரிசு பெற்ற டெனிஸ் கேபர், 1940-களில் படச்சுருளின் ஒலித்தடத்தைச் சுழலும் பிளவுகள் வழியாகப் படித்து, வேகத்தையும் சுதியையும் பிரிக்க முயன்றார். ஒலியைச் சிறு துண்டுகளாகப் பார்க்கும் அந்த எண்ணமே இன்றும் அடிப்படை. சில பத்து மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாகப் பாட்டை நறுக்குகிறார்கள். துண்டுக்குள் அலை அப்படியே இருப்பதால் சுதி மாறாது. வேகம் கூட வேண்டுமானால் துண்டுகளை நெருக்கி அடுக்குகிறார்கள். குறைய வேண்டுமானால் விலக்கி அடுக்கி, இடைவெளியில் ஒலியைத் திரும்ப இட்டு நிரப்புகிறார்கள். இணையும் இடத்தில் அலையின் மேடும் மேடும் பொருந்தும்படி பார்த்து ஒட்டுவதில்தான் திறமை இருக்கிறது. கைப்பேசியில் ஒருவரின் குரல் செய்தியை 1.5 மடங்கு வேகத்தில் கேட்கும்போது குரல் கீச்சிடாமல் இருப்பதும் இந்த வகை உத்தியால்தான்.

இன்னொரு வழியை 1966-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளானகனும் கோல்டனும் ‘ஃபேஸ் வோகோடர்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு துண்டிலும் என்னென்ன அதிர்வெண்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பிரித்தறிந்து, வேறு வேகத்தில் மீண்டும் ஒலியாகத் தொகுப்பது அந்த முறை. ஒரே நேரத்தில் பல வாத்தியங்கள் ஒலிக்கும் இசைக்கு இது மிகவும் பொருந்தும்.

இரண்டு வழிகளும் வந்து முட்டும் சுவர் ஒன்று உண்டு. அதைக் கேபர் 1946-லேயே எழுதிவிட்டார்: ஒரு ஒலியின் அதிர்வெண்ணைத் துல்லியமாக அறிய அதை நீண்ட நேரம் கேட்டாக வேண்டும், அது எப்போது நிகழ்ந்தது என்று துல்லியமாக அறியக் குறுகிய நேரமே பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 55 ஹெர்ட்ஸ் பேஸ் சுரத்தையும் அதற்கு அரைக் கட்டை மேலுள்ளதையும் பிரித்தறியச் சுமார் 300 மில்லிநொடி வேண்டும். டிரம்மில் குச்சி படும் ஓசையோ சில மில்லிநொடிகளில் எழுந்துவிடுகிறது. நீளத் துண்டு எடுத்தால் பேஸ் அழகாக இருக்கும், டிரம்மின் கூர்மை குழைந்துபோகும். சிறு துண்டு எடுத்தால் டிரம் பிழைக்கும், பேஸ் நடுங்கும். கீ லாக்கைப் போட்டுப் பாட்டை மிகவும் மெதுவாக்கும்போது அடி தளர்ந்து கேட்பது மென்பொருள் எழுதியவரின் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒலியின் இயல்பே விதிக்கும் வரம்பு அது.

வரம்பைத் தகர்க்க முடியாது, சுற்றிப் போகலாம். 2014-இல் ஜெர்மனியில் யோனாதன் ட்ரீட்கர், மைனார்ட் முல்லர் முதலியோர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. நேரத்தைப் படுக்கையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் வைத்து ஒலியை வரைந்தால், நீண்டு ஒலிக்கும் சுரங்கள் படுக்கைக் கோடுகளாகவும் அடிகள் செங்குத்துக் கோடுகளாகவும் தெரியும். அதைக் கொண்டு பாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். சுரங்களுக்கு ஃபேஸ் வோகோடர், அடிகளுக்கு மிகச் சிறிய துண்டுகள். பிறகு இரண்டையும் சேர்த்தார்கள்.

கன்ட்ரோலர் முன் நிற்பவருக்கு என் பரிந்துரை இது. குரலோ ராகமோ இல்லாத, தாளமே பிரதானமான பகுதிகளில் 2, 3 சதவீத மாற்றத்துக்குக் கீ லாக்கை விட்டுவிடுங்கள்; அடி முழுக் கூர்மையோடு விழும். குரல் வரும் இடத்தில் போடுங்கள். மாற்றம் 10 சதவீதத்தைத் தாண்டுகிறதென்றால் வேறு பாட்டைத் தேடுவது மேல். உங்கள் மென்பொருள் எப்படி என்று அறிய, நல்ல டிரம் உள்ள ஒரு பாட்டை 16 சதவீதம் குறைத்து, ஹெட்போனில் கீ லாக்கை மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். குரலை விட்டுவிட்டு, ஒவ்வொரு அடியும் தொடங்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.